ஃபைன்

ஹப்புத்தளைக்கு மேலே எங்கள் ஃபெக்டரிக்கு
ஸ்பானியக்காரர்கள் வரத் தொடங்கியதும்
மெனேஜர் கூப்பிட்டார்.
"நீதானே ஃபோனில் அந்தப் பாஷை படிக்கிறாய்?
போர்டையெல்லாம் மாற்றிக் கொடு."
இரண்டு நாள் லீவு, சம்பளத்தோடு.

முப்பத்தொரு வரி.
மற்றதெல்லாம் வழிவிட்டது.
ஒரு சொல் மட்டும் மழைநாள் அட்டை மாதிரி
கணுக்காலில் ஒட்டிக்கொண்டது:
ஃபைன்.

ஃபோனிடம் கேட்டேன்.
யோசிக்காமல் சொன்னது: முல்த்தா.
அப்படியே ஒட்டினோம்.
இனெஸ் என்றொருத்தி சலிக்கிற அறையில்
தூள்மேட்டின் முன்னால் நின்று வாசித்து
தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்:
"தண்டம் கட்டுகிற அளவுக்கு
இந்தத் தேயிலை என்ன குற்றம் செய்தது?"

பிறகு அவளே உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள்.
தூளுக்கு ஃபீனோ.
வாசலில் சிகரெட் பிடித்தால்தான் முல்த்தா.
வானம் வெளித்த நாளுக்கு பூயென் தியெம்போ.
தியெம்போ என்றால் நேரமாம், வெயில்மழையுமாம்.
எங்கள் காலம் மாதிரியே, என்றேன்:
மாரிக்காலம், கெட்ட காலம்,
காலம் போன காலம்.
அவளுக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டாள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று.
நாங்களும் ஓர் இங்கிலீஷ் சொல்லைப் பிடித்து
அம்மியில் வைத்து அரைத்திருக்கிறோம்.
நைஸ்.
மாவும் நைஸ், துணியும் நைஸ்,
கடன்காரனைக் கண்டதும்
நைசாக நழுவுகிறவனும்.
அதை எந்தப் போர்டில் எழுதுவது?

பின்னேரம் கொழுந்து மடுவத்துக்குக் கூட்டிப் போனேன்.
மரியநேசத்தின் சாக்குத் தராசில் தொங்கியது.
பதினாலு கிலோ.
பதினெட்டுக்கு நாலு குறைவு.
கணக்கப்பிள்ளை பேனாவை உதறி
அரைப்பேர் போட்டு முடித்திருந்தார்.

"ஹவ் ஆர் யூ?" என்றாள் இனெஸ்.
மரியநேசத்துக்குத் தெரிந்த ஒரே பதில்,
படங்கு ஈரத்தைப் பிழிந்தபடி:
"ஃபைன்."

இனெஸின் புருஷனுக்கு இங்கிலீஷ் வராது.
என்னைப் பார்த்தான்.
என்ன சொல்கிறாள்?

முல்த்தா
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அரை நாள் சம்பளம், நாலு கிலோ,
கவ்வாத்து வெட்டிய மலையில்
கொழுந்துக்கு எங்கே போவது,
இத்தனையும் அந்த மூன்றெழுத்தில் கொள்ளும்.

"பியென்," என்றேன்.
அவன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து
அவளுக்குத் தலை குனிந்தான்.

அவர்கள் வேனில் ஏறியதும் கேட்டாள்:
"என்னா சொன்ன அந்த ஆளுகிட்ட?"
"நல்லா இருக்கேன்னு நீ சொன்னதத்தான்."
"ம்.
அத இங்கிலீசுல சொன்னாத்தான்
நல்லாருக்கு."

போர்டுகள் பதுளையிலிருந்து புதிதாக அச்சாகி வந்தன.
மெனேஜர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.
ஃபைன், என்றார்.
மடுவத்துக்கென்று போர்டு எதுவும் இல்லை.
நான் நைசாக
வெளியே வந்தேன்.