மூன்றாவது மலை

காலைச் சாப்பாடு முடிவதற்குள்
க்யூர்பீப்பில் மழை இரண்டு தரம் வந்துபோனது.

எரிமலை வாயின் விளிம்பில்
வேனை நிறுத்துகிறார் சூபேன்.
கீழே மரங்கள், சேறு,
வாய் கொப்பளித்த தண்ணீர்போல் ஒரு குட்டை.

"அதோ, மூன்று மலை."
வெள்ளை மூட்டத்துக்குள் கை நீட்டுகிறார்.
பதினொரு பேரும் மரியாதைக்குப் பார்க்கிறோம்.

சட்டைப் பையிலிருந்து
ஓரம் நைந்த அஞ்சலட்டையை எடுத்து
கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம் மேலே என்று
மலை இருக்கவேண்டிய இடத்தில் பிடிக்கிறார்.
ஈரோட்டுக்காரர் அதையே படமெடுக்கிறார்,
கட்டைவிரல் நகத்தோடு.

நகர மண்டபப் படியில்
கல்யாணப்பெண் ஒருத்தி
குடைக்குள் நின்று செருப்பை உதறிக்கொண்டிருந்தாள்.
அப்புறம் பொம்மைக்கப்பல் கடை.
பாய்மரம் முறியாமல் ஊர் போய்ச் சேருமா என்று
எல்லோரும் விலை பேச,
தால்பூரி வாங்க நான் மட்டும் வெளியே வந்தேன்.

மூட்டம் விலகியிருந்தது.
மூன்றும் நின்றன, கரும்பச்சையாய்,
மூன்றாவது மட்டும் சற்றே கோணல்.
அட்டையில் அது நேராக இருந்த ஞாபகம்.

வேனில் சாய்ந்து
அஞ்சலட்டை நுனியால் பல் குத்திக்கொண்டிருந்தார் சூபேன்.
"கூப்பிடட்டுமா?"
"கூப்பிட்டால் மூடிக்கொள்ளும்."

விரலிடுக்கில் சட்னி ஒழுகியது.
நக்கிவிட்டு நிமிர்ந்தேன்.
மூடியிருந்தது,
கூப்பிடாமலே.