அவசரமில்லை

நோயின் பெயர் கூடாது. உறுப்பின் பெயர் கூடாது.
பரிசோதனை முடிவு கூடவே கூடாது.
என் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறது விதித்தாள்,
ஓரத்தில் யாரோ சிந்திய காபியோடு.

நூற்றறுபது எழுத்துக்குத்தான் இடம். அதிலும்
எங்கள் எஸ்தோனிய மொழியில்
தலையில் அலை சுமக்கும் ஓர் எழுத்து உண்டு.
அது நுழைந்தால் இடம் எழுபதாகச் சுருங்கிவிடும்.
செவிலி என்று எழுதினாலே அது வந்துவிடும்;
வெறும் பெயர் போடுகிறேன், மாரிகா.

ஹெய்னோவின் அறிக்கை வியாழன் மாலை வந்தது.
ஒன்றுமில்லை. சுத்தம்.
மருத்துவர் கடைசிப் படகில் தீவைவிட்டுப் போயிருந்தார்.
அழைத்தேன். அவர் இருக்கும் முனையில்
குரல் எட்டாது,
செய்தி எப்படியோ போய்ச் சேரும்.

"திங்கள் 9.40க்கு வாருங்கள். அவசரமில்லை.
வருவதானால் 1, இல்லையென்றால் 2."

வேலை போனை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன்.
பதினொன்றேகாலுக்குப் பதில்.
ஒன்றுமல்ல, இரண்டுமல்ல:

"அவசரமில்லை என்றால்
நோய் இல்லை என்றா,
இனி ஓடிப் பயனில்லை என்றா?"

இயந்திரம் என்னை முந்திக்கொண்டது:
"புரியவில்லை. 1 அல்லது 2 அனுப்பவும்."

ரத்தம் எடுத்த அன்று
சட்டைக் கையை இறக்கிவிட்டபடி சொன்னார்,
கெட்ட சேதியானால் நாற்பத்திரண்டு ஆட்டையும்
ஈஸ்டருக்குள் விற்றுவிடுவேன்.

விதித்தாளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.
ஆடுகளைப் பற்றி அதில் எதுவுமில்லை.

"ஆடுகளை விற்காதீர்கள். மாரிகா."

வெகுநேரம் திரை கறுத்தே கிடந்தது.
கெட்டிலில் வெந்நீர் ஆறிவிட்டது.
பன்னிரண்டு தாண்டி வந்தது,
முற்றுப்புள்ளிகூட இல்லாமல்

1