செல்லப்பிராணி: உண்டு / இல்லை

ஜூன் முதல் மழையன்று
ஆண்டாப் ஹில் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியடியில்
இறகை உதிர்த்துவிட்டு நின்றவளைச்
சோதனைக் குழாயில் ஏற்றினேன்.
கொஞ்சம் தண்ணீர், அடைப்புக்குப் பஞ்சு,
சுற்றிலும் சிவப்புக் கண்ணாடித்தாள்.
அந்த நிறம் அவளுக்கு இருட்டு.

ஐம்பத்துமூன்று நாள் ஒன்றும் தின்னவில்லை.
ஆறு பிள்ளைகள்.
இப்போது நாற்பதோ நாற்பத்தொன்றோ,
எண்ணி முடிப்பதற்குள் இடம் மாறிவிடுகிறார்கள்.

சொசைட்டிப் படிவத்தில்
'இல்லை' என்று டிக் செய்தேன்.
உண்டு என்றால்
எத்தனை என்பது அடுத்த கேள்வி.

நேற்று மருந்தடிக்க ஆள் வந்தார்.
வீட்டுக்கு நூற்றிருபது ரூபாய். நானும்தான் கொடுத்தேன்.
குழாயைத் துண்டில் சுருட்டி
டிபன் டப்பாவில் வைத்து
வடாலாவில் ஏறிப் பன்வேல் வரை போய் வந்தேன்.
வாஷி பாலத்தில் ரயில் அதிர்ந்தபோது
முட்டைகளை வாயில் கவ்வியபடி
மொத்தக் குடும்பமும் பஞ்சோரம் ஒண்டியிருக்கும்.
சாப்பிடவில்லையா என்று மராத்தியில் கேட்டார்
எதிர் சீட்டுக்காரர்.
பசியில்லை என்றேன்,
மடியில் டப்பாவை இறுக்கிக்கொண்டு.

இரவு கதவைத் திறந்தால்
மருந்து நெடி.
ஜன்னலிலிருந்து சர்க்கரை டப்பா வரைக்கும் போகிற பாதை
கலையாமல், வரிசையாக,
செத்துக் கிடந்தது.
ஈரத்துணியால் ஒரே இழுப்பு.

பிறகு சிவப்புத் தாளை விலக்கிப் பார்த்தேன்.
ஒருத்தி
செத்துப்போன ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு
குழாயின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
நடந்துகொண்டிருந்தாள்.
வைக்க இடம் பிடிபடவில்லை போல.
வெகுநேரம் பார்த்தேன்.
துணி அப்போதும் என் கையில்தான் இருந்தது.