ஏழாம் மாடிக் கதவு

புதன்கிழமை மதியம் பள்ளி கிடையாது.
மார்செய் நகரத்தின் வடக்கு ஓரத்தில்
மூடிப்போன கறிக்கடையின் ஷட்டரை
பாதி தூக்கி வைத்திருந்தார்கள்.
சாக்பீஸில் எழுதியிருந்தது:
ஓவியம். பதின்மூன்று முதல் பதினெட்டு. காசு வேண்டாம்.

காசு வேண்டாமென்றால் வேறென்னவோ வேண்டும்
என்றான் நஸுர்தீன்.
வேண்டியது ஒரு கையெழுத்து மட்டும்.
வீட்டு வருமானம் கேட்ட கட்டத்துக்குள்
அவன் ஒரு மீன் வரைந்தான்.
மாயேல் அதை அப்படியே ஃபைலில் போட்டாள்.

ஆட்டுத்தொடை தொங்கிய கொக்கிகளில்
எங்கள் தாள்கள் காய்ந்தன.
உள்ளே ஹீட்டர் இருந்தது, ரொட்டியும் சீஸும் இருந்தன.
முதல் மாதம் அதற்காகத்தான் போனேன்,
பொய் சொல்வானேன்.
பிரஷ்ஷை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றார்கள்.
யார் எதைக் கொண்டுபோனார்கள் என்று
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
அது எனக்குப் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

எதை வரைய என்று கேட்டேன்.
"பார்த்தால் யாருக்குக் கோபம் வருமோ அதை"
என்றான் நஸுர்தீன்.

அம்மா துறைமுகத்தில் கப்பல் அறைகளைத் துடைத்துவிட்டு
விடியற்காலை ஐந்துக்கு வருவாள்.
எங்களுடையது பதினோராம் மாடி.
பதினான்கு மாதமாய் லிஃப்ட் ஓடவில்லை.
ஏழாவதில் உட்காருவாள்,
ஒரு ஷூவை மட்டும் கழற்றுவாள்.
மற்றதையும் கழற்றினால் எழ மனசு வராதாம்.

அந்த மாடியின் லிஃப்ட் கதவிலேயே வரைந்தோம்.
கோடு நான், வண்ணம் அவன்,
மூன்று புதன்கிழமை.
கட்டைவிரல் காய்ப்பைக்கூட விடவில்லை.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தாள்.
"எஷாத்தி, இவ்வளவு குண்டா நான்?"
பிறகு படத்துக்கு எதிரே உட்கார்ந்து
அதே ஷூவைக் கழற்றினாள்.

மார்ச்சில் மெக்கானிக்குகள் வந்தார்கள்.
படத்தால்தான் என்கிறாள் மாயேல்.
தேர்தல் என்கிறான் நஸுர்தீன்.
ஒருவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
"மன்னியுங்கள், அந்தப் பெண்ணை
நடுவே பிளக்க வேண்டியிருக்கும்."

பிளந்தது.
நெற்றியிலிருந்து மடி வரை
முடி அளவுக்கு ஒரு கோடு.
அழுவேன் என்று நினைத்திருந்தேன்.
கதவு திறக்கத் திறக்க
எல்லாரும் கைதட்டினார்கள், நானும்.

இப்போது அம்மா நேரே பதினொன்றுக்கு வருகிறாள்.
ஏழாவதில் யாரும் உட்காருவதில்லை.

என் படுக்கைச் சுவருக்குப் பின்னால்தான்
லிஃப்டின் கம்பிகள் ஓடுகின்றன.
நேற்று ஐந்து மணிக்கு
அது நின்ற சத்தம் கேட்டது,
எங்கள் மாடியில் அல்ல, கீழே.
கதவு திறந்தது. மூடியது.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தது.

அம்மா உள்ளே வந்தபோது
ஒரு ஷூ கையில் இருந்தது.