ஒன்பது மணிக்கு ஒன்று

வயிற்றில் மூன்று துளை போட்டார்கள்.
வலித்தது தோள்.
உள்ளே ஊதிய காற்று
போக வழி தெரியாமல்
மேலே வந்து முட்டுமாம்.
இரண்டு நாள்
யாரோ என் தோளில் நெல் மூட்டையை வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனதுபோல் இருந்தது.

கட்டிக்கு சாக்லேட் என்று பெயர்.
இடது சினைப்பை, எட்டு புள்ளி இரண்டு சென்டிமீட்டர்.
டாக்டர் ஹசீனா சொன்னதும் சிரித்துவிட்டேன்.
'பழைய ரத்தம்மா, தேங்கித் தேங்கி
அந்த நிறத்துக்கு வந்திருக்கு' என்றார்.
பதினைந்து வருஷம்
மாதத்தில் மூன்று நாள்
சுருண்டு கிடந்ததற்கு
இப்போதுதான் ஓர் அளவு கிடைத்தது.

தஞ்சாவூரிலிருந்து கார்த்திகை மழையில் திரும்பும்போது
பை நிறையக் காகிதம்:
தையல் நனையக் கூடாது,
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது,
மாத்திரை இரவு ஒன்பதுக்கு,
ஒரு நாளும் தவறக் கூடாது.
கூடவே ஒரு சிடி,
என் வயிற்றுக்குள் எடுத்த படம்.
போட்டுப் பார்க்கும் பெட்டி
எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை.

தையில் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன்.
ஈரப்பதம் பதினேழு வரை வாங்கலாம்.
பத்தொன்பது காட்டியது வீரையன் நெல்.
'ரெண்டு புள்ளிதானேம்மா,
ஒரு வெயில் காஞ்சா சரியாப் போயிடும்.'
காயவைத்து எடுத்து வரச் சொன்னேன்.
அந்த வாரம்தான்
முட்டை இருப்பைச் சொல்லும் பரிசோதனை முடிவு வந்தது:
பூஜ்யம் புள்ளி ஒன்பது.
'ஒரு புள்ளிதானே டாக்டர்' என்றேன்
வீரையன் குரலில்.

பனி கொட்டும் இரவில்
எனக்கு மட்டும் சித்திரை.
போர்வையை உதைத்துவிட்டு
ஈரத் தரையில் போய்ப் படுப்பேன்.
சீப்பில் கொத்தாக முடி.
சாக்குத் தைக்கும் ஊசி உடைந்ததற்கு
ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதேன்.
சுமைதூக்கும் அடைக்கலம் மிரண்டுபோய்
நீடாமங்கலம் கடைத்தெருவுக்கு ஓடி
நாலு ஊசி வாங்கி வந்தார்.

ஒன்பதுக்கு மாசிலாமணி அழைப்பார்,
தருமபுரிக்கு நெல் ஏற்றிப்போன லாரியிலிருந்து.
'போட்டாச்சா?'
'போட்டாச்சு.'
'மேட்டூரை மூடிட்டாங்க.
நீயும் ஆறும் ஒண்ணு இப்ப.'
அவருக்கு அது ஆறுதல் சொல்லும் முறை.
நான் ஆறு இல்லை.
ஆற்றை மூடினால் பேப்பரில் போடுவார்கள்,
எத்தனை கன அடி என்பதுவரை.
திறக்கும் தேதிக்கு ஊரே கணக்குப் போடும்.
என்னுடையது தலையணைக்கு அடியில்
ஓர் அட்டையில் இருக்கிறது.
ஒவ்வொன்றாய்ப் பிதுக்கி எடுக்கிறேன்.

நாத்தனார் தேன்மொழி
ஏழு வெள்ளியாக என்னையே விளக்கேற்றச் சொன்னாள்.
எட்டாவது வெள்ளி, குரலைத் தாழ்த்தி,
'கட்டி எடுத்த கையோட
நின்னுடுச்சா அண்ணி?'
அவள் முகத்தில் அத்தனை வெளிச்சம்.
மாத்திரைதான் நிறுத்தி வைத்திருக்கிறது என்றேன்.
ஆறு மாதம். பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.
'அப்ப அதுவும் இல்லையா' என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.
இருவருமாகத் திரியைத் தூண்டினோம்,
ஏற்கெனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மாசி. அறுத்த வயலில் பயறு காய்த்துவிட்டது.
விடிந்தால் புறா, விடிவதற்கு முன்பே மயில்.
சிடியின் நடுத் துளையில் சாக்கு நூலைக் கோத்து
வரப்புக் குச்சியில் கட்டிவிட்டேன்.
சுற்றியது.
யாரும் பார்க்காத என் உள்வயிறு
பச்சையும் ஊதாவுமாய்
பயற்றின் மேல் ஓடியது.
மயில் ஒன்று நின்று பார்த்தது,
பிறகு சாவகாசமாய்க் காயைக் கொத்தியது.

கல்லெடுக்கக் குனிந்தேன்.
நிமிர்ந்த பிறகுதான் உறைத்தது,
இழுக்கவில்லை.
மயிலை விட்டுவிட்டு
கல்லைக் கீழே போட்டேன்.
இன்னொரு தடவை
குனிந்து எடுத்தேன்.