இடப்பக்கச் சிவப்பு

ஹீயுமா தீவு விட்டு, தாக்குனா முனை தாண்டும்போது
அலையொன்று அறைந்து
இடப்பக்க விளக்கின் சிவப்புக் கண்ணாடி போயிற்று.
சுடர் நின்றது, வெறும் வெள்ளையாய்.
வெள்ளை என்றால் பொய்.
எதிரே வருகிறவனுக்கு
எங்கள் இடம் எது வலம் எது என்று தெரியாது.

பிரீடிக் என்னைப் பார்த்தார்.
அவர் கலத்தின் தலைவர், நான் சமையல்காரி.
என்னிடம் இருந்தது
ஒரு ஜாடி கிரான்பெர்ரிச் சாறு.
சுடருக்கு முன்னால் கயிற்றால் கட்டினோம்.
"கொதிக்காதா?" என்றான் ஊகு.
"கொதிக்கட்டும். சிவப்பாகத்தானே கொதிக்கும்."

பிறகு மூடுபனி.
அணியம் போயிற்று. முன்பாய் போயிற்று.
கையை நீட்டினால் மணிக்கட்டோடு சரி.
கீழே எழுநூறு மூட்டை உருளைக்கிழங்கு
ஸ்டாக்ஹோம் சந்தைக்கு.

ஊதுபெட்டி என் பொறுப்பு.
பலகைப் பெட்டி, ஒரு கைப்பிடி, உள்ளே துருத்தி;
அழுத்தினால் கன்று ஈனும் பசுவின் குரல்.
காற்று வலப்பக்கம் என்றால் ஒன்று,
இடப்பக்கம் என்றால் இரண்டு,
முதுகில் என்றால் மூன்று.
நிமிடத்துக்கு ஒருமுறை.
கடிகாரம் பிரீடிக்கின் சட்டைப்பைக்குள்.
எனக்குக் கிழங்கு:
நிதானமாக மூன்று சீவினால் ஒரு நிமிடம்.
சீவு, சீவு, சீவு,
ஊது.

முப்பதாவது கிழங்கில் பதில் வந்தது.
இரண்டு.

இரண்டு என்றால் அவன்தான் விலக வேண்டும்.
சட்டத்தைப் பிரீடிக் உரக்கச் சொன்னார்,
பனிக்குக் கேட்கும்படி.
விலகுவதற்குக் காற்று வேண்டுமே!
பாய் ஈரத்துணியாய்த் தொங்கியது.
செத்துப்போன காற்றின் கணக்கையே
நான் ஊதிக்கொண்டிருந்தேன்.
அவனும்தான்.

ஒன்று. இரண்டு. ஒன்று.
அப்புறம் ஊதலே தேவைப்படவில்லை:
ஓர் இருமல். வாளி உருளும் சத்தம்.
யாரோ காப்பியைத் தீயவிட்டிருந்தார்கள்.

நீரோட்டம் தன் பாட்டுக்கு
இரண்டு கலத்தையும் நகர்த்தியது.
அவன் சிவப்பு வந்தது, உருண்டையாய், அசையாமல்.
என் சிவப்பு ஜாடிக்குள் தளும்பியது.
ஸ்வீடிஷில் ஒரு குரல், முகமில்லாமல்,
துடுப்பு நீட்டினால் தொடுகிற தூரத்தில்:
"உங்கள் சிவப்பு ஏன் ஆடுகிறது?"
"பழச்சாறு" என்றேன்.

அங்கே பேச்சில்லை. ஒரு கிழங்கு சீவும் நேரம்.
"சர்க்கரை போட்டீர்களா?"
"கொஞ்சம்."
"என்ன சரக்கு?"
"உருளைக்கிழங்கு."
"அட, நாங்களும்" என்றபடி
எங்கள் பின்னால் தேய்ந்து
இரண்டு ஊதினான். இன்னும் ஓர் இரண்டு.
பிறகு இல்லை.

நாம் புறப்பட்டு வந்த திசைக்கு
எவன் உருளைக்கிழங்கு கொண்டுபோவான் என்று
விடியும்வரை பிரீடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளுத்ததும் ஊகு கயிற்றை அவிழ்த்தான்.
ஜாடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
மூன்று கோப்பை. மேலெல்லாம் மண்ணெண்ணெய் வாடை.
ஆனாலும் குடித்தோம்,
இடப்பக்கம் முழுவதையும்.