பின்வலக் காம்பு

முதல் பீச்சு கறுப்புத் தட்டில்.
வெள்ளையாய் ஓடினால் சரி.
இன்று ஓடவில்லை.
திரிந்த துணுக்கு மூன்று,
பின்வலக் காம்பிலிருந்து.

மட்டக்குளியில் ஒன்பது நாளாய் மழை.
ஏழு மாட்டுக்கு ஒரு வடிகால், அதுவும் அடைப்பு.
பவளி சேற்றில் படுத்திருந்தாள்.
போன மாசமே தரைக்குச் சிமெந்து போட்டிருக்கலாம்;
போடவில்லை. அது என் கணக்கு.

மடியில் கை வைத்தேன்:
இறக்கி வைத்த சோற்றுப்பானையின் வயிறு.
காலைத் தூக்கினாள், உதைக்கவில்லை.

விக்ரமநாயக்க டொக்டர் மூன்று குழாய் மருந்து தந்தார்.
கடைசிக் குழாய்க்குப் பின்னும் நாலு நாள்
இந்தப் பால் படலை தாண்டக் கூடாது என்று
சிங்களத்திலும் விரலிலும் சொன்னார்.

இடையில் வந்தது வெள்ளிக்கிழமை.
அபிஷேகத்துக்குப் பத்துப் போத்தல்;
தேநீர்க்கடைக்குப் போக மிஞ்சியது ஏழு.
"மிச்சத்துக்கு அதை ஊத்துங்க அக்கா,
கல்லுக்குத்தானே" என்றான்
கோயிலிலிருந்து வந்த துவாரகன்.

கல்லில் பட்டது கோமுகியில் இறங்கும்.
அங்கே தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் நிற்பது
அவனுக்கும் தெரியும்.
போன வருஷம் அவனே நின்றான்.

ஏழு கொடுத்தேன். முகத்தைச் சுளித்தான்.

பவளியைக் கடைசியாகத்தான் கறக்கிறேன்.
கறந்தது பின்வளவுக் குழிக்குள், சுண்ணாம்போடு.
பூனையைத் துரத்த வேண்டியிருக்கிறது.
காம்பு நாலையும் அயடினில் முக்கி
அரை மணி நேரம் படுக்க விடாமல்
புல்லைக் காட்டி நிற்க வைக்கிறேன்.
ஒரு கையால் போனில்
சிமெந்துக் கடைக்காரனைத் தேடுகிறேன்,
மற்றக் கையில் கறை.